திருகோணமலையில் காந்த வரைபடம் குழப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சேருவிலப் பக்கம் காட்டோரமாக இரண்டு நாள் நடந்து, நிலத்தடிப் பாறையைத் தேடிப் பூமியின் காந்தப்புலத்தை அளந்துவிட்டு வந்த தம்பி ஒருவன், மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினான். நடுவில் கருநீலமாக ஒரு குழி. "அண்ணா, இதுல ஒண்டும் இல்ல. கல்லுல காந்தம் ஒட்டுது, ஆனா மெஷின் குறைச்சுத்தான் காட்டுது" என்றான். முகம் வாடிப்போயிருந்தது. கருவியில் பழுதில்லை, அவன் நடந்த முறையிலும் பிழையில்லை. அவன் தேடிப்போன மக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமமே அந்தக் குழிதான்.

நாம் படிக்கும் பாடநூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் கனடாவையும் மனதில் வைத்து வரைந்தவை. லண்டனில் சாய்வூசி, அதாவது மேலும் கீழும் ஆடவிட்ட காந்த ஊசி, கிட்டத்தட்ட 66 பாகை கீழ்நோக்கிக் குத்தி நிற்கும். திருகோணமலையில் அதே ஊசி ஏறக்குறையக் கிடையாகப் படுத்துவிடும், ஏனென்றால் ஊசி கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வடபாதியையும் ஒட்டித்தான் போகிறது. இங்கே புலத்தின் மொத்த அளவு சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அது முழுக்க வடக்கு நோக்கிப் படுத்துக் கிடக்கிறது. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு இந்த ஒரு விஷயம்தான் காரணம்.

காந்தப் பிறழ்வு என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளந்த எண்ணிலிருந்து அந்த இடத்துக்கு எதிர்பார்க்கும் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது. எதிர்பார்க்கும் எண்ணைத் தருவது பன்னாட்டுப் புவிக்காந்த மேற்கோள் புலம் என்ற மாதிரி. அதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்.

ஒரே இடத்தில் நின்றாலும் எண் குதிக்கிறது

முதலில் உங்களையே சோதியுங்கள். இடுப்புப் பட்டியின் கொக்கி, சாவிக்கொத்து, செருப்பிலுள்ள ஆணி, சட்டைப்பையில் இருக்கும் போன் எல்லாவற்றையும் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளை இருபது முப்பது மீற்றருக்கு அப்பால் நிறுத்துங்கள். தகரக் கூரை, கம்பி வேலி, மின்கம்பி, கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி, குழாய்க் கிணற்றின் இரும்புக் குழாய் ஆகியவை பக்கத்தில் இருந்தால் அந்தப் புள்ளியைக் குறிப்பேட்டில் எழுதி விட்டுவிடுவதே நல்லது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கிட்டப் பாறையை அளக்க முயலவே வேண்டாம். அத்தனை உருக்கு பக்கத்தில் இருக்கும்போது பாறையின் குரல் கேட்காது.

இந்தத் தொல்லை பழையது. பம்பாயில் கொலாபா காந்த ஆய்வகம் பல பத்தாண்டுகள் நன்றாக இயங்கியது. நகரத்துக்கு மின்சார டிராம் வந்ததும் அளவுகள் கெட்டுவிடும் என்று கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாக்குக்கு ஆய்வகத்தையே மாற்றினார்கள். ஓர் ஆய்வகமே ஊர் மாறியிருக்கும்போது நாம் நூறு மீற்றர் தள்ளிப்போகச் சோம்பல்படக் கூடாது.

புரோத்தன்களின் சுழற்சியைக் கொண்டு புலத்தை அளக்கும் புரோத்தன் காந்தமானி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உணரியின் உள்ளே நேரான சுருள் இருந்தால் அதன் அச்சு புவிப்புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இங்கே புலம் வடக்காகப் படுத்திருப்பதால் சுருளை நட்டமாகவோ கிழக்கு மேற்காகவோ வையுங்கள். வடக்கு தெற்காகக் கிடத்தினால் சமிக்ஞை செத்துப்போய் எண் தாறுமாறாக ஓடும். வேறு நாட்டில் எழுதிய கைநூலைப் பார்த்துப் பொருத்தியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. கருவி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஓர் அடையாளம், 40,000 நானோடெஸ்லாவில் புரோத்தன்கள் விநாடிக்குச் சுமார் 1,700 முறை சுழல்வது.

போனில் உள்ள காந்த உணரியால் அளக்கிறீர்கள் என்றால், அது மைக்ரோடெஸ்லாவில் 40 என்று காட்டும். போனை எட்டு வடிவில் சுழற்றிச் சீராக்கிய பின்பும் ஒன்றிரண்டு மைக்ரோடெஸ்லா ஆடும். அதாவது ஆயிரம் நானோடெஸ்லாவுக்கு மேலே. மக்னடைட் நிறைந்த கல்லைக் கண்டுபிடிக்க அது போதும். ஆழத்தில் இருப்பதைத் தேடப் போதாது.

காலையில் குறைவு, மதியம் கூடுகிறது, பின்னேரம் மறுபடி குறைகிறது

காலையில் தொடங்கி மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால், வரைபடத்தின் நடுவில் அழகான மேடு ஒன்று வரும். பாறை என்று சந்தோஷப்படாதீர்கள். அது வானத்தில் இருக்கிறது.

காந்த நடுக்கோட்டை ஒட்டி, தரைக்கு மேலே ஏறக்குறைய 105 கிலோமீற்றர் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஒடுங்கிய பட்டையாகப் பாய்கிறது. பெருவின் ஹுவாங்காயோ ஆய்வகத்தில் அளவுகள் பகலில் வழக்கத்துக்கு மேலே எழுவதைப் பார்த்துத்தான் இதைக் கவனித்தார்கள். 1951ல் சிட்னி சாப்மன் இதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர் வைத்தார். நடுப்பகலுக்குச் சற்று முன்பே அது உச்சம் தொடும். ஒரே நாளில் புலம் நூறு நானோடெஸ்லாவைத் தாண்டியும் ஏறி இறங்கும். நமக்குப் புலம் கிடையாக இருப்பதால் அந்த ஏற்றம் அப்படியே முழுசாக நம் கருவியில் விழுகிறது.

இரண்டாவது காந்தமானி ஒன்றை நிழலான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அடிநிலையமாக நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை எழுதவைத்து, அந்த வளைவைக் கழிப்பதுதான் சரியான தீர்வு. ஒரு கருவிதான் இருக்கிறதென்றால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து அளந்துவிட்டுப் போங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அதை விட்டால் வேறு வழியில்லை. தொலைவில் உள்ள ஆய்வகத்தின் பதிவை இறக்கிக் கழிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மின்தாரை ஒடுங்கியது என்பதால் தெற்கு வடக்காகக் கொஞ்சம் நகர்ந்தாலே அதன் அளவு மாறிவிடும். அடிநிலையம் நீங்கள் அளக்கும் இடத்துக்குச் சில பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கட்டும்.

சூரியப் புயல் நாட்களில் வேலையை நிறுத்திவிடுங்கள். 2024 மே 10, 11 திகதிகளில் வந்த புயலின்போது நடுக்கோட்டை அண்டிய பகுதிகளில் புலம் 400 நானோடெஸ்லா அளவுக்குச் சரிந்தது. அன்று எடுத்த அளவை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

கல்லில் காந்தம் ஒட்டுகிறது, வரைபடமோ குழி காட்டுகிறது

தம்பியின் பிரச்சினை இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மக்னடைட் உள்ள பாறையைப் புவிப்புலம் தூண்டிக் காந்தமாக்குகிறது. இங்கே புலம் வடக்கு நோக்கிப் படுத்திருப்பதால் பாறையும் படுத்த காந்தமாகிறது. அதன் வடமுனை வடக்கில், தென்முனை தெற்கில். ஒரு சட்டக் காந்தத்தை மேசையில் கிடத்தி இரும்புத்தூள் தூவிய நாளை நினைத்துப் பாருங்கள். வடமுனையிலிருந்து புறப்படும் கோடுகள் வளைந்து, காந்தத்தின் நடுப்பகுதிக்கு மேலாகப் பின்னோக்கித் தெற்கே திரும்பும். பாறைக்கு நேர் மேலே நிற்கும் நமக்கு அந்தத் தெற்கு நோக்கிய புலம் புவிப்புலத்துக்கு எதிராகப் போகிறது. இரண்டும் கழிபடும். ஆகவே எண் குறையும். குழி என்பது அதுதான்.

பாறையின் வடக்கிலும் தெற்கிலும் சிறிய மேடுகள் இரண்டு வரும். பந்து போன்ற ஒரு பொருளுக்குக் கணக்குப் போட்டால், அந்த மேடுகளின் உயரம் குழியின் ஆழத்தில் ஐந்தில் ஒன்று அளவுதான். கிழக்கிலும் மேற்கிலும் மேடு வராது. வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் சின்ன மேடு, நடுவில் பெரிய குழி என்ற சாயல் தெரிந்தால் தூண்டிய காந்தம்தான் என்று நம்பலாம்.

இதில் நமக்கு ஒரு கொடையும் இருக்கிறது. வடக்கு தெற்கான ஒரு கோட்டில், அந்த இரண்டு மேடுகளின் உச்சிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து 0.41ஆல் பெருக்கினால் பொருளின் நடுப்பகுதி இருக்கும் ஆழம் வந்துவிடும். உச்சிகள் 100 மீற்றர் இடைவெளியில் இருந்தால் ஆழம் சுமார் 41 மீற்றர். பிறழ்வு சுழியைக் கடக்கும் இரண்டு புள்ளிகளின் இடைவெளியை எடுத்தால் 0.71ஆல் பெருக்க வேண்டும். இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே விடை தந்தால் பொருள் உருண்டையானது என்று எடுத்துக்கொள்ளலாம். விடைகள் வெகுவாக விலகினால் அது நீண்டு கிடக்கிறது, அல்லது பின்னணிப் புலத்தை நீங்கள் சரியாகக் கழிக்கவில்லை.

இதனால் இந்த ஊரில் நடக்கும் கோடுகளை வடக்கு தெற்காகப் போடுங்கள். கிழக்கு மேற்காக மட்டும் நடந்தால் அந்த இரண்டு மேடுகளையும் தவறவிடுவீர்கள், ஆழம் கணிக்கும் வழியும் போய்விடும்.

சேருவிலப் பக்கத்தில் செப்பும் மக்னடைட்டும் சேர்ந்த ஒரு படிவு 1970களிலேயே அறியப்பட்டது. அது ஹைலண்ட் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரண்டு பழம்பாறைப் பகுதிகள் சந்திக்கும் எல்லையை அண்டிக் கிடக்கிறது. இலங்கையின் அடிப்பாறைகளில் முக்கியமான தையல் அது. அந்தத் தையலைக் காந்தத்தால் தேடிப்போகிறவர் நீலத்தைக் கண்டு திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

கண்ணுக்குத் தெரியும் டைக் வரைபடத்தில் இல்லை

விஜயன் தொகுதியில் டொலரைட் டைக்குகள், அதாவது பாறைக்குள் சுவர் போல ஊடுருவிய கரும்பாறைகள் உண்டு. ஒரு டைக் வடக்கு தெற்காக நீண்டு கிடந்தால் அதன் காந்தமும் நீளவாக்கில் ஓடும். முனைகள் வெகுதூரத்தில் போய்விடுவதால் நடுவில் நிற்கும் கருவிக்கு ஒன்றுமே தெரியாது. இரு கோடிகளில் மட்டும் சிறு தடயம் வரும். அதே டைக் கிழக்கு மேற்காகக் கிடந்தால் பளிச்சென்று தெரியும்.

ஆகவே காந்த வரைபடத்தில் கிழக்கு மேற்கான அமைப்புகளே அதிகம் தெரிந்தால், ஊரின் பாறை அப்படித்தான் என்று முடிவுகட்டாதீர்கள். செயற்கைக்கோள் படத்தையும் ஈர்ப்பு அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஈர்ப்புக்குத் திசை வேறுபாடு கிடையாது.

துருவத்துக்கு மாற்றியதும் வடக்கு தெற்காகக் கோடுகோடாக வருகிறது

பிறழ்வைத் துருவத்தில் அளந்தது போல மாற்றி, மேட்டைப் பாறைக்கு நேர் மேலே கொண்டுவரும் கணக்கு எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. நம் ஊர்த் தரவுக்கு அதைப் போட்டால் வரைபடம் முழுக்க வடக்கு தெற்காகக் கீறல் விழும். மேலே சொன்ன அதே காரணம்தான். வடக்கு தெற்கான அமைப்புகளைப் பற்றித் தரவில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. இல்லாததைக் கணக்கு வலிந்து பெருக்குகிறது, கூடவே இரைச்சலையும் பெருக்குகிறது.

நடுக்கோட்டுக்கு மாற்றும் தெரிவைப் பயன்படுத்துங்கள். குழி பாறைக்கு மேலேயே இருக்கும், குறியை மட்டும் மனதில் புரட்டிக்கொண்டால் போதும். பகுப்புச் சமிக்ஞை (analytic signal) என்ற கணக்கும் விளிம்புகளைக் காட்டும், என்றாலும் வடக்கு தெற்கான விளிம்புகள் அதிலும் மங்கலாகத்தான் இருக்கும்.

குழி வரவேண்டிய இடத்தில் மேடு

பாறை எப்போதோ குளிர்ந்தபோது பதிந்துகொண்ட பழைய காந்தம், இன்றைய தூண்டலைவிடப் பலமாக இருக்கலாம். எஞ்சிய காந்தம் என்பது அது. இலங்கையின் ஹைலண்ட் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழத்தில் வெந்து உருமாறியவை. அப்போது இந்த நிலம் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்துக்குள் அந்தார்க்டிக்காவை ஒட்டிக் கிடந்தது. அன்று பதிந்த திசை இன்றைய வடக்கோடு ஒத்துப்போகவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அந்தப் பாறையில் ஒரு துண்டை எடுத்துத் திசைகாட்டி முள்ளுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். துண்டை எப்படித் திருப்பினாலும் முள்ளை இழுத்தால் தூண்டிய காந்தம் மட்டும்தான். ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளினால் எஞ்சிய காந்தம் இருக்கிறது. அப்புறம் மாதிரியில் திசையைக் குறித்து எடுத்து ஆய்வுகூடத்தில் அளப்பிக்க வேண்டும்.

மலை உச்சியில் மட்டும், சில மீற்றர் அகலத்துக்குள், கூர்மையாக ஒரு பிறழ்வு வந்தால் இடியையும் சந்தேகியுங்கள். மின்னல் விழுந்த பாறை பலமான காந்தமாகிவிடும்.

கடற்கரையில் முழுக்க இரைச்சல்

புல்மோட்டைக் கரையில் நடந்தால் எண் கரையோடு சேர்ந்து ஏறி இறங்கும். இல்மனைட் மணல்தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். தூய இல்மனைட் சாதாரண வெப்பநிலையில் மிகப் பலவீனமான காந்தம். தொல்லை தருவது அதோடு கலந்து கிடக்கும் மக்னடைட் துகள்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளி அளந்து பாருங்கள், அல்லது உணரியை உயரத்தில் தூக்குங்கள்.

ஆழம் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

மென்பொருளின் பிழை என்று நினைத்து மாற்றி மாற்றி ஓடவிடாதீர்கள். ஒரே பிறழ்வைத் தரக்கூடிய பாறை அமைப்புகள் எண்ணிலடங்காதவை. ஆழத்தில் கிடக்கும் பலமான சிறு பொருளும், மேலே பரந்து கிடக்கும் மெலிந்த தட்டும் ஒரே வளைவைத் தரலாம். இது இயற்கையின் கணக்கிலேயே உள்ள குறை.

வெளியிலிருந்து ஒரு கட்டுப்பாட்டைக் கொடுத்தால்தான் விடை நிற்கும். ஒரு கிணற்றில் அடிப்பாறை தட்டுப்பட்ட ஆழம், ஒரு கல்லின் காந்த ஏற்புத்திறன் (புலம் தூண்டும்போது அது எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு), ஓர் ஈர்ப்பு அளவு, இதில் ஏதாவது ஒன்று போதும். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து சேரும் மூதூர்ப் பக்கத்தில் வண்டல் மூடிக் கிடப்பதால் பிறழ்வுகள் பரந்தும் வழுவழுப்பாகவும் வரும். அங்கே குழாய்க் கிணறு தோண்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். எத்தனையாவது அடியில் கல் தட்டியது என்று அவர்கள் சொல்வதற்கு நிகரான தரவு வேறில்லை.

கன்னியாவின் சூட்டை வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கன்னியாவின் ஏழு கிணறுகளில் கையை விட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கீழே என்ன இருக்கிறது என்ற ஆசை இயல்பாகவே வரும்.

மக்னடைட் 580 பாகை செல்சியஸில் காந்தத்தை இழந்துவிடும். அந்தச் சூட்டைத் தாண்டிய ஆழத்தில் உள்ள பாறை எவ்வளவு இரும்பைச் சுமந்தாலும் காந்த வரைபடத்தில் தெரியாது. ஆகவே காந்தப் பாறையின் அடித்தளத்தைக் கண்டுபிடித்தால் அதுவே 580 பாகைக் கோடு. கிலோமீற்றருக்கு 25 பாகை கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 28 பாகை உள்ள தரையிலிருந்து அது சுமார் 22 கிலோமீற்றர் ஆழத்தில் வரும். நல்ல யோசனை, பல நாடுகளில் செய்திருக்கிறார்கள்.

பிழை எங்கே வருகிறதென்றால், கன்னியாவைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றர் சதுரத்தை வெட்டி அந்தக் கணக்கைப் போடும்போது. இருபது கிலோமீற்றர் ஆழத்தில் உள்ள அடித்தளத்தைப் பார்க்க, பக்கத்துக்கு நூறு இருநூறு கிலோமீற்றர் அகலமான தரவுச் சதுரம் வேண்டும். அதைவிடச் சிறிய சதுரத்தில் வரும் எண் வெறும் எண்தான். சதுரத்தை 100, 150, 200 கிலோமீற்றர் என்று பெரிதாக்கிப் பாருங்கள். விடை ஒரு மதிப்பில் நின்றால் நம்பலாம், சதுரத்தோடு சேர்ந்து கூடிக்கொண்டே போனால் தூக்கிப்போடுங்கள். நின்ற விடையும் ஒரு மாகாணத்துக்கான சராசரிதான், ஏழு கிணற்றுக்கானது அல்ல. இலங்கையில் அண்மைக்கால எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வருவதே இந்த ஊற்றுகளுக்குப் போதுமான விளக்கம். காந்த வரைபடத்தில் தேட வேண்டியது அந்த வெடிப்புகளை.

பூமியின் கருவம் ஏன் தெரியவில்லை

1600ல் வில்லியம் கில்பர்ட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்று எழுதினார். 1830களின் இறுதியில் கணித மேதை காவுஸ் அந்தப் புலத்தின் பெரும்பங்கு உள்ளேயிருந்து வருகிறது என்று கணக்கால் காட்டினார். அது பிறப்பது சுமார் 2,900 கிலோமீற்றருக்குக் கீழே, உருகிய இரும்பாலான வெளிக் கருவத்தில். உங்கள் 40,000 நானோடெஸ்லாவில் ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்து வந்ததுதான். பிறழ்வு எடுக்கும்போது மேற்கோள் புலத்தைக் கழித்தீர்களே, அங்கேயே கருவத்தைக் கழித்துவிட்டீர்கள். மிஞ்சியது மேலோடு மட்டும்.

இதில் அடிக்கடி வரும் பிழை, பழைய அளவையும் புதிய அளவையும் ஒரே மாதிரியால் கழிப்பது. கருவத்தின் புலம் ஆண்டுதோறும் மாறுகிறது. இரண்டு அளவைகளின் தையலில் படி விழுந்தது போல் தெரிந்தால், ஒவ்வொன்றுக்கும் அது எடுத்த திகதிக்குரிய மதிப்பைக் கழித்தீர்களா என்று பாருங்கள். இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டத்தில் இருக்கும் பெரிய பள்ளத்தையும் இதோடு சேர்க்காதீர்கள். கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கும் அந்த இடம் ஈர்ப்பு சம்பந்தப்பட்டது, காந்தம் அல்ல.

வங்கக் கடலில் வரிக்குதிரைக் கோடுகள் இல்லை, அல்லது அளவுக்கு மீறி அழகாக இருக்கின்றன

1963ல் வைனும் மத்தியூசும் விளக்கிய கதை எல்லாருக்கும் தெரியும். கடலடி விரியும்போது புவிக்காந்தம் வடக்கு தெற்காக முனை மாறிப் புரள்வதும் மீள்வதும் கோடுகோடாகப் பதிகிறது. அதை நம் கிழக்குக் கடலில் தேடினால் ஏமாற்றம். ஏறக்குறைய 12.1 கோடி ஆண்டு முதல் 8.3 கோடி ஆண்டு வரை புவிக்காந்தம் புரளவே இல்லை. இந்தியாவும் இலங்கையும் அந்தார்க்டிக்காவை விட்டு விலகி இந்தக் கடல் திறந்தது பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டி. புரளாத காலத்தில் கோடு எங்கிருந்து வரும்? அதற்கு மேலே கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கிலோமீற்றர் கணக்கில் மூடிக் கிடக்கிறது.

சரி, இறக்கிய உலகப் பிறழ்வு வரைபடத்தில் கோடுகள் சீராக இருக்கின்றனவே என்றால், எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இமேக் (EMAG2) என்ற உலகப் பிறழ்வு வரைபடத்தின் இரண்டாம் பதிப்பு, கப்பல் அளவு இல்லாத கடற்பகுதிகளைக் கடலடியின் வயது மாதிரியைப் பின்பற்றி நிரப்பியது. அதாவது கோடு இருக்கும் என்று எதிர்பார்த்த திசையிலேயே இட்டு நிரப்பினார்கள். மூன்றாம் பதிப்பில் அந்த வழியைக் கைவிட்டார்கள். திருகோணமலைக்குக் கிழக்கேயுள்ள அதே சதுரத்தை இரண்டு பதிப்புகளிலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். மூன்றாவதில் மறைந்துபோகும் கோட்டை உங்கள் கட்டுரையிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.